கேட்டும் கிடைக்கலன்னா ஜெபம் எதுக்கு? கிறிஸ்மஸ் கதையும் ரெண்டு அன்னாளும்

தம்பி, உன் கேள்விய மூணு தடவ படிச்சிட்டு தான் எழுத உக்காந்தேன். மத்தவங்களும் படிப்பாங்கங்கறதால உன் விஷயத்த சுருக்கமா சொல்லிடறேன். கல்யாணமாகி ஏழு வருஷம், குழந்தை இல்ல. உனக்கு ஓசூர்ல ஷிஃப்ட் வேலை, வீடு காவேரிப்பட்டணம் பக்கம். உன் வைஃப் போகாத நவநாள் ஜெபம் இல்ல, பொம்மிடி பக்கத்துல பள்ளிப்பட்டி லூர்து மாதா கோயிலுக்கும் வேண்டிக்கிட்டு போயிட்டு வந்தாச்சு. போன மாசம் சொந்தக்காரங்க கூப்பிட்டாங்கன்னு ஒரு ஜெபக்கூட்டத்துக்கு போன இடத்துல, ஜெபிக்க வந்தவர் எல்லார் முன்னாடியும் மைக்ல "கர்த்தர் இந்த சகோதரியோட கர்ப்பத்த அடைச்சு வெச்சிருக்கார், விசுவாசக்குறைவு இருக்குது"ன்னு சொல்லிட்டார். அன்னையிலேர்ந்து அந்தப் பொண்ணு ஜெபமாலையவே தொடறதில்ல, கிறிஸ்மஸ் ராத்திரி பூசைக்கும் வரமாட்டேன்னுடுச்சு. நீ கேக்கறது இதான்: கடவுளுக்கு எல்லாம் முன்னாடியே தெரியும்னா எதுக்கு கேக்கணும், சகரியா கேட்டாரு கிடைச்சுது, மரியா கேக்கவே இல்ல அவங்களுக்கும் கிடைச்சுது, நாங்க கேட்டுக்கிட்டே இருக்கோம் கிடைக்கல, இதுல என்ன கணக்கு. கூடவே டிசம்பர் 25 உண்மையான பிறந்தநாளான்னு ஒரு கேள்வியும் தொங்கவிட்டிருக்க.

நான் செமினரியில படிச்சவ இல்லப்பா. எங்கப்பா உபதேசியார், கிருஷ்ணகிரி பக்கத்து கிராமங்களுக்கு சைக்கிள்ல போயி மந்திரம் சொல்லிக் குடுத்தவரு. நான் கவர்மென்ட் ஸ்கூல் டீச்சரா இருந்து ரிட்டையர் ஆயிட்டேன், ஞாயித்துக்கிழம மறைக்கல்வி வகுப்பு மட்டும் இன்னும் விடல. அந்த அளவுக்கு தெரிஞ்சத சொல்றேன். எங்க வீட்டுக்கு வந்த மருமக சிஎஸ்ஐ புராட்டஸ்டன்ட் சபை, அதனால ரெண்டு பைபிளும் வீட்ல இருக்குது, நீ படிக்கிற பழைய மொழிபெயர்ப்புலேர்ந்தே வசனம் எடுக்கறேன்.

முதல்ல அந்த மைக் மேட்டர முடிச்சிடலாம், ஏன்னா எனக்கு அத படிச்சதுலேர்ந்து வயிறு எரியுது. கர்ப்பத்த அடைச்சார்ங்கற அந்த வார்த்தை ஒண்ணு சாமுவேல் முதல் அதிகாரத்துல வருது, அன்னாளப் பத்தி. வார்த்தை இருக்கறது வாஸ்தவம் தான். ஆனா அந்த அதிகாரத்த முழுசா படிச்சா அன்னாள் ஏதோ தப்பு பண்ணாங்க, விசுவாசம் பத்தல, அதனால தான்னு ஒரு எழுத்து கூட கிடையாது. அதவிட ஒரு விஷயம் கேளு. அன்னாள் கோயில்ல நின்னு அழுதுக்கிட்டே மனசுக்குள்ள ஜெபம் பண்றாங்க, உதடு மட்டும் அசையுது, சத்தம் வரல, அத பாத்த ஏலிங்கற ஆசாரியன் என்ன பண்றாரு தெரியுமா, இந்தம்மா குடிச்சிட்டு வந்திருக்காங்கன்னு நினைச்சு "நீ எதுவரைக்கும் வெறித்திருப்பாய்?"னு கேக்கறாரு. அதாவது குழந்தைக்காக அழுத ஒரு பொண்ண கோயில் பெரியவரே தப்பா எடை போட்ட சம்பவம் அதே அதிகாரத்துல இருக்குது. மைக்ல பேசினவர் அந்த வசனத்த எடுத்தாரு, கொஞ்சம் கீழ இறங்கி படிச்சிருந்தா தன்னையே பாத்திருப்பாரு. ஏலியாவது, அன்னாள் எடுத்து சொன்னதும் பேச்ச மாத்திக்கிட்டு சமாதானத்தோட போம்மான்னு ஆசீர்வாதம் பண்ணி அனுப்பினாரு.

அந்த அதிகாரத்துலயே உனக்கும் ஒரு பாடம் இருக்குது, கோச்சுக்காத. அன்னாளோட வீட்டுக்காரர் எல்க்கானா, "பத்துக் குமாரரைப்பார்க்கிலும் நான் உனக்கு அதிகமல்லவா"ன்னு கேக்கறாரு. பாசமா தான் கேக்கறாரு. ஆனா அன்னாள் அதுக்கு பதில் சொன்னதாவே எழுதல, எழுந்து நேரா கோயிலுக்கு போயிட்டாங்க. நீயும் "நான் இருக்கேன்ல, அது போதாதா"ன்னு சொல்லியிருந்தா அத இனிமே சொல்லாத.

இப்ப கிறிஸ்மஸ் கதைக்கு வர்றேன். நாம எல்லாரும் கிறிஸ்மஸ் கதைன்னா குடில், மேய்ப்பர், மூணு ராஜான்னு ஆரம்பிப்போம். நற்செய்தி எழுதின லூக்கா அப்படி ஆரம்பிக்கல. அவர் எடுத்த எடுப்புலயே குழந்தை இல்லாத ஒரு வயசான ஜோடிய கொண்டாந்து நிறுத்தறாரு, சகரியாவும் எலிசபெத்தும். லூக்காவ ஒரு வைத்தியர்னு பவுல் கொலோசெயருக்கு எழுதின கடிதத்துல சொல்றாரு, அதனாலயோ என்னவோ தெரியல, இந்த வலிய எங்க தொடணும்னு அவருக்கு தெரிஞ்சிருக்குது. 1:6ல ரெண்டு பேரும் "குற்றமற்றவர்களாய் நடந்து, தேவனுக்கு முன்பாக நீதியுள்ளவர்களாயிருந்தார்கள்"னு எழுதிட்டு அடுத்த வசனத்துலயே அவங்களுக்கு பிள்ளை இல்லன்னு எழுதறாரு. இந்த வரிசைய கவனி. அந்தக் காலத்துலயும் குழந்தை இல்லன்னா என்ன பாவமோன்னு தான் ஊரு பேசும், அந்த வாய அடைச்சிட்டு தான் அவர் கதைக்குள்ளயே போறாரு. நம்மூர்ல வளைகாப்புக்கு கூப்பிடாம விடறது, கூப்பிட்டாலும் வளையல் போட விடாம ஓரமா உக்கார வைக்கறது இதெல்லாம் உங்களுக்கு நடந்திருக்கும், எலிசபெத்துக்கும் நடந்திருக்குது, ஜனங்களுக்குள்ள எனக்கு இருந்த நிந்தைய கர்த்தர் எடுத்தாருன்னு அவங்களே 1:25ல சொல்றாங்க. அப்புறம் தூதர் மரியாகிட்ட பேசும்போது "மலடியென்னப்பட்ட அவளுக்கு இது ஆறாம் மாதம்"னு சொல்றாரு பாரு, அந்த "என்னப்பட்ட"ங்கறத நான் வகுப்புல பசங்கள ரெண்டு தடவ வாசிக்கச் சொல்லுவேன். ஊர்ல அப்படி கூப்பிட்டாங்க, அவ்ளோ தான். மூல கிரேக்கத்துலயும் அப்படி அழைக்கப்பட்டவள்னு தான் இருக்குது.

விசுவாசக்குறைவுன்னு சொன்னாரே, அதுக்கும் பதில் இங்கயே இருக்குது. சகரியா கோயிலுக்குள்ள தூபம் போடற முறைக்கு சீட்டு விழுந்து போறாரு. ஆசாரியருங்க 24 பிரிவு, இவர் அபியா பிரிவு, அந்த முறை அமையறதே அபூர்வம். உள்ள தூதர் நிக்கறாரு, உன் வேண்டுதல் கேக்கப்பட்டுது, உன் மனைவி ஒரு பையன பெறுவாங்கன்னு சொல்றாரு. மனுஷன் நம்பல! "இதை நான் எதினால் அறிவேன்"னு ப்ரூஃப் கேக்கறாரு, நான் கிழவன்ங்கறாரு. நீ விசுவாசிக்காததால ஊமையா இருப்பன்னு தூதர் சொல்லிட்டாரு. சரி, குழந்தை கேன்சல் ஆச்சா? ஆகல. வாய் தான் கட்டிச்சு, குழந்தை பொறந்துது. பைபிள்லயே "நீ நம்பல"ன்னு தூதர் வாயாலயே பேரு வாங்கின ஆளுக்கு பிள்ளை கிடைச்சிருக்குது, அப்புறம் எப்படி உன் வைஃப்க்கு விசுவாசம் பத்தாததால கிடைக்கலன்னு ஒருத்தர் மைக்க புடிச்சு கணக்கு சொல்ல முடியும்? பேரு வைக்கிற அன்னைக்கு பலகையில "இவன் பேர் யோவான்"னு எழுதிக் காட்டின பெறகு தான் அவருக்கு வாய் தெறந்துது.

இன்னொண்ணு. "உன் வேண்டுதல் கேட்கப்பட்டது"ன்னா எந்த வேண்டுதல்? குழந்தைக்காகவா, இஸ்ரவேல் மக்களோட மீட்புக்காகவான்னு விளக்கம் எழுதினவங்க ரெண்டு பக்கமும் பேசறாங்க. எனக்கு தோணறது, குழந்தை வேணும்னு கேக்கறத அவர் எப்பவோ விட்டிருப்பாரு, இல்லன்னா தூதர் சொன்னதும் ஏன் நம்பாம போகணும். அவர் விட்டாலும் பழைய ஜெபம் அங்க கிடந்திருக்குது.

மரியா விஷயம் வேற. அவங்க ஏதும் கேட்டதா இல்ல, நிச்சயம் ஆன பொண்ணு, நாசரேத்துங்கற சின்ன ஊரு. தூதர் வந்து சொல்றாரு, அவங்களும் கேள்வி கேக்கறாங்க, "இது எப்படியாகும்?"னு. சகரியாவும் கேள்வி தான் கேட்டாரு, இவங்களும் கேள்வி தான், ஆனா அவரு கேட்டது அத்தாட்சி, இவங்க கேட்டது வழி. இத பழைய காலத்துலேர்ந்தே நிறைய பேரு எடுத்துக் காட்டியிருக்காங்க. எனக்கு இதுல பெருசா படறது, கடவுள்கிட்ட கேள்வி கேக்கலாம்ங்கறது. கேள்வி கேட்டா விசுவாசம் இல்லன்னு நம்ம ஆளுங்க சொல்லி சொல்லி பொண்ணுங்க வாய கட்டி வெச்சிருக்காங்க. பதிலா தூதர் சொன்னது "பரிசுத்த ஆவி உன்மேல் வரும்". கடைசியில மரியா சொன்னாங்க, "இதோ, நான் ஆண்டவருக்கு அடிமை, உம்முடைய வார்த்தையின்படி எனக்கு ஆகக்கடவது". இந்த "ஆகக்கடவது"ங்கற சொல்ல மனசுல வெச்சிக்க, திரும்ப வருவேன்.

மூணு வேளை மணி உனக்கு தெரியும்ல, காலைல ஆறு, மத்தியானம் பன்னெண்டு, சாயங்காலம் ஆறு. எங்கப்பா தான் எங்க ஊர் கோயில் மணி அடிப்பாரு. கேழ்வரகு அறுத்துக்கிட்டு இருக்கறவங்க தலைத் துண்ட இறக்கிட்டு "ஆண்டவருடைய தூதர் மரியாவுக்குத் தூது உரைத்தார்"னு ஆரம்பிப்பாங்க. அது என்ன ஜெபம்னு யோசிச்சியா? அதுல ஒரு சம்பவத்த தான் சொல்றோம்: தூதர் வந்தாரு, மரியா சரின்னாங்க, வார்த்தை மனுஷனாச்சு. வேண்டுதல்னு பாத்தா நடுவுல சொல்ற அருள் நிறைந்த மந்திரமும் முடிவுல ஒரு சின்ன மன்றாட்டும் தான். கிறிஸ்து பிறப்ப பத்தின மொத்த போதனையும் அந்த மூணு வரியில அடங்கிடுது. எந்நேரமும் கேட்டுக்கிட்டே இருக்கறது மட்டும் தான் ஜெபம்னா இந்த மணியே தேவயில்ல.

அந்தப் போதனை என்னன்னு கேட்டன்னா, யோவான் 1:14, "அந்த வார்த்தை மாம்சமாகி" நமக்குள்ள வாசம் பண்ணினார்னு. வாசம் பண்ணினார்ங்கற எடத்துல கிரேக்கத்துல கூடாரம் போட்டார்ங்கற அர்த்தத்துல ஒரு சொல்லு இருக்குது. ஆடு மேய்க்கறவங்க எங்க மேய்ச்சல் இருக்கோ அங்க பட்டி போட்டு தங்கற மாதிரி நம்ம நடுவுல வந்து தங்கினார். பாதி கடவுள் பாதி மனுஷன்னு இல்ல, முழுசா கடவுள் முழுசா மனுஷன், இத பத்தி 325ல நிசேயாவுலேர்ந்து 451ல கால்செதோன் வரைக்கும் திருச்சபை ஆயருங்க சங்கம் கூடி கூடி சண்டை போட்டிருக்காங்க, நடுவுல 431ல எபேசு சங்கத்துல மரியாவ கடவுளின் தாய்னு சொல்லலாம்னு முடிவாச்சு. வருஷம் எல்லாம் உனக்கு மனப்பாடம் வேணாம். கிறிஸ்மஸ் பூசையில விசுவாசப் பிரமாணம் சொல்லும்போது "மனிதர் ஆனார்"ங்கற இடத்துல எல்லாரும் முட்டி போடுவோம்ல, மத்த ஞாயித்துக்கிழமையில தலைய மட்டும் குனிவோம், அத்தன சங்கமும் அந்த முட்டியில இருக்குது. (இடையில ஒண்ணு, டிசம்பர் 8 அமல உற்பவத் திருநாள்னா மரியா இயேசுவ கர்ப்பம் ஆன நாள்னு பாதி பேரு நினைக்கறாங்க, இல்லப்பா, அது மரியா தன் அம்மா வயித்துல பாவமில்லாம உருவானத பத்தினது, 1854ல விசுவாச சத்தியமா அறிவிச்சது. கன்னியா இருந்து கர்ப்பமானது வேற விஷயம்.)

தேதி கேள்விய சீக்கிரம் முடிச்சிடறேன். பைபிள்ல தேதி கிடையாது. ரோமாபுரியில 354ஆம் வருஷத்து ஒரு நாள்காட்டியில டிசம்பர் 25 வருது, கிழக்குப் பக்கம் ஜனவரி 6 கொண்டாடினாங்க, அர்மேனியர் இன்னைக்கும் அன்னைக்கு தான். சூரியன் திருநாள வெச்சு வந்துதுன்னு சிலரு, மார்ச் 25, தூதர் மரியாகிட்ட சொன்ன மங்கள வார்த்தை நாளுக்கு ஒம்பது மாசம் கூட்டி வந்துதுன்னு சிலரு. வருஷமும் சுமாரான கணக்கு தான், ஏரோது ராஜா செத்தது கிமு 4ன்னு தான் பெரும்பாலும் கணக்கு, அதனால இயேசு அதுக்கு முன்ன பொறந்திருக்கணும். மூணு ராஜான்னும் இல்ல, மத்தேயு சாஸ்திரிகள்னு மட்டும் தான் சொல்றாரு, காணிக்கை மூணுங்கறதால ஆளு மூணாயிட்டாங்க. சத்திரம்னு நாம சொல்ற இடத்துக்கு லூக்கா போட்ட சொல்லு வீட்டு விருந்தாளி அறைக்கும் ஆகும், கடைசி இராப்போஜன அறைக்கும் அவர் அதே சொல்ல தான் போடறாரு, நல்ல சமாரியன் கதையில நெசமான சத்திரத்துக்கு வேற சொல்லு. இதெல்லாம் தெரிஞ்சா நல்லது, தெரியலன்னா விசுவாசத்துக்கு ஒண்ணும் கொறஞ்சிடாது.

இப்ப உன் பெரிய கேள்வி, அவருக்கு தெரியும்னா எதுக்கு கேக்கணும். இத நீ புதுசா கண்டுபுடிக்கல, இயேசுவே சொல்றாரு, நீங்க கேக்கறதுக்கு முன்னமே உங்க பிதாவுக்கு தெரியும்னு, மத்தேயு 6:8. தெரியும், அதனால கேக்காதீங்கன்னு சொல்லியிருக்கணும்ல? அடுத்த வரியிலயே இப்படி கேளுங்கன்னு பரலோக மந்திரத்த சொல்லிக் குடுக்கறாரு! நான் சின்ன வயசுல இத எங்கப்பாகிட்ட கேட்டிருக்கேன். "நீ பசியா வர்றது உங்கம்மாவுக்கு தெரியாதா, அப்பறம் ஏன் வாசல்லயே அம்மா பசிக்குதுன்னு கத்தற"ன்னாரு. புனித அகுஸ்தீனார் புரோபாங்கற விதவைக்கு ஜெபத்த பத்தி ஒரு பெரிய கடிதம் எழுதியிருக்காரு, அதுல இதே கேள்விக்கு சொல்றது, கடவுளுக்கு தகவல் குடுக்க இல்ல, அவர் குடுக்கப்போறத வாங்கற அளவுக்கு நம்ம ஆசை விரியறதுக்கு தான்னு. தாமஸ் அக்குவினாஸ் இன்னும் கணக்கா சொல்லுவாரு, கடவுளோட முடிவ மாத்தறதுக்காக நாம ஜெபிக்கல, ஜெபத்தின் வழியா தான் குடுக்கணும்னு அவர் வெச்சிருக்கறத வாங்க ஜெபிக்கறோம்னு. மழை பெய்யுதுன்னா விதைக்காமலே மொளைக்குமா, விதைக்கறதும் சேத்து தானே வெள்ளாமை, அந்த மாதிரி. எனக்கு அக்குவினாஸ் சொல்றது மூளைக்கு சரியாப் படுது, எங்கப்பா சொன்னது தான் ராத்திரி தூக்கம் வராதப்ப உதவுது.

ஆனா "கேளுங்கள், உங்களுக்குக் கொடுக்கப்படும்"னு இருக்கேன்னு நீ கேப்ப. இருக்குது. லூக்கா 11ல அந்தப் பேச்சு எங்க போயி முடியுதுன்னு பாரு. மீன கேட்டா எந்த அப்பனாவது பாம்பக் குடுப்பானான்னு கேட்டுட்டு, பரமபிதா தம்மகிட்ட கேக்கறவங்களுக்கு "பரிசுத்த ஆவியைக் கொடுப்பது அதிக நிச்சயமல்லவா"ன்னு முடிக்கறாரு. மத்தேயுவுல அதே இடத்துல நன்மையானவைகள்னு இருக்கும், லூக்கா பரிசுத்த ஆவின்னு எழுதறாரு. மரியாவுக்கு தூதர் சொன்ன பதிலும் அதான், பரிசுத்த ஆவி உன்மேல் வரும். அப்ப நிச்சயம்னு வாக்கு குடுத்தது எதுக்குன்னா, அவர் தன்னையே குடுக்கறதுக்கு. மத்தது எல்லாம் கேக்கலாம், கேக்கணும், அதுல குழந்தையும் உண்டு, வேலையும் உண்டு, போர்வெல்ல தண்ணி வர்றதும் உண்டு, ஆனா அந்த "நிச்சயம்"ங்கற முத்திரைய எல்லாத்துக்கும் அடிச்சு விக்கறவங்ககிட்ட தான் நாம ஏமாறறோம். இத்தன நாள் உபவாசம் இரு, இவ்ளோ காணிக்கை போடு, கிடைக்கும்ங்கறது ஜெபம் இல்ல, சீட்டு கம்பெனி.

கேட்டும் கிடைக்காதவங்க லிஸ்ட்ல முதல் ஆளு இயேசு தான் தம்பி. கெத்செமனேயில "அப்பா பிதாவே", இந்தப் பாத்திரத்த, அதாவது வரப்போற பாடுகள, எடுத்துடுங்கன்னு கேட்டாரு. (அந்த அப்பாங்கறது நம்ம தமிழ் அப்பா இல்ல, அவர் வீட்ல பேசின அரமேயு மொழி, ஆனா காதுல விழும்போது நம்ம வீட்டு சத்தம் தான், அதுல எனக்கு ஒரு சந்தோஷம்.) எடுக்கல. பவுலும் தன் உடம்புல முள்ளு மாதிரி இருந்த ஒரு வேதனைய எடுக்கச் சொல்லி மூணு தடவ கேட்டாரு, எடுக்கல, என் கிருபை உனக்கு போதும்னு பதில் வந்துது. இவங்களுக்கெல்லாம் விசுவாசம் பத்தலன்னு எந்த மைக்கு சொல்லும்? இயேசு அங்க கேட்டு முடிச்சிட்டு என் சித்தம் இல்ல, உம்முடைய சித்தத்தின்படியே "ஆகக்கடவது"ன்னாரு. பாத்தியா, அவங்கம்மா சொன்ன அதே சொல்லு. பரலோக மந்திரத்துல "உம்முடைய சித்தம் செய்யப்படுவதாக"ன்னு சொல்றோம்ல, கிரேக்கத்துல அந்த மூணு இடத்துலயும் ஒரே வினைச்சொல்லு தான், ரூபம் மட்டும் மாறுது. அம்மா நாசரேத்துல சொன்னத மகன் நமக்கு மந்திரமா கத்துக்குடுத்துட்டு, கடைசி ராத்திரி வேர்வை ரத்தமா சொட்டச் சொட்ட தானே சொன்னாரு. ஆனா ஒண்ண கவனி, அவர் முதல்ல கேட்டாரு, "எடுத்துப்போடும்"னு தெளிவா கேட்டாரு, அதுக்கப்புறம் தான் ஆகக்கடவது. நேரா ஆகக்கடவதுக்கு தாவச் சொல்லி உன் வைஃப்ப யாரும் கட்டாயப்படுத்தக் கூடாது, நீயும் கூட.

தலைப்புல ரெண்டு அன்னாள்னு போட்டேன்ல. ரெண்டாவது அன்னாள் லூக்கா 2:36ல வர்றாங்க, குழந்தை இயேசுவ கோயிலுக்கு தூக்கிட்டு வந்த அன்னைக்கு. ரெண்டு புறாக் குஞ்சு காணிக்கை, ஆட்டுக்குட்டிக்கு வசதி இல்லாதவங்க குடுக்கறது. அங்க இந்தம்மா நிக்கறாங்க, பானுவேலோட மக, கல்யாணமாகி ஏழே வருஷம் வாழ்ந்தாங்க (உங்களுக்கும் ஏழு), புருஷன் போயிட்டாரு, இப்ப ஏறக்குறைய எண்பத்துநாலு வயசு, ராத்திரி பகலா ஜெபம். பிள்ளை இருந்துதுன்னு லூக்கா எழுதல, இல்லன்னும் எழுதல, அத ஒரு விஷயமாவே எடுக்கல. தீர்க்கதரிசின்னு தான் அறிமுகப்படுத்தறாரு. முதல் அன்னாளுக்கு சாமுவேல் கிடைச்சான். இந்த அன்னாள் வேற ஒருத்தி பெத்த பிள்ளைய பாத்துட்டு, மீட்புக்காக காத்திருந்தவங்க எல்லார்கிட்டயும் போயி சொல்றாங்க. ஒரே பேரு, ரெண்டு பேரும் கோயில்ல ஜெபிச்சவங்க, முடிவு வேற வேற. ரெண்டு பேர்ல யாரு ஜெபம் பலிச்சுதுன்னு கேட்டா, எனக்கு பதில் சொல்ல வரல, ஆனா லூக்கா ரெண்டாமவங்கள பரிதாபத்தோட பாக்கல, அது மட்டும் தெரியுது.

எங்க பெரியத்தை ஒருத்தங்க அப்படி. பிள்ளை இல்ல. எங்க ஊர் கோயில் குடிலுக்கு கேழ்வரகு நாத்து அவங்க தான் வருஷா வருஷம் விடுவாங்க, டிசம்பர் பத்து தேதி வாக்குல தட்டுல மண்ணு போட்டு விதைச்சு, பனி விழாம கோணி போட்டு மூடி, இருபத்துநாலாந்தேதிக்கு பச்சையா தூக்கிட்டு வருவாங்க. குடில்ல குழந்தைய கிடத்தற முன்னணை காலியா இருக்கும், நடுராத்திரி தான் சாமியார் குழந்தை சுரூபத்த கொண்டாந்து வைப்பாரு. அந்த காலி முன்னணைய சுத்தி நாத்த அடுக்கிட்டு அவங்க கொஞ்ச நேரம் அங்கயே உக்காந்திருப்பாங்க. நான் விவரம் தெரியாத வயசுல, அத்தை இன்னும் குழந்தை கேட்டு ஜெபிக்கிறீங்களான்னு கேட்டுட்டேன், அவங்களுக்கு அப்ப அம்பது வயசு இருக்கும். "கேக்கறத விட்டுட்டேன்டி, கோவத்த இன்னும் விடல, அத தான் தினம் சொல்லிக்கிட்டு இருக்கேன்"னாங்க. அது ஜெபமா இல்லையான்னு சங்கீத புத்தகத்த தொறந்து பாரு, நிறைய சங்கீதம் அப்படி தான் இருக்குது.

யோசேப்ப பத்தி ஒண்ணு சொல்லணும், ஆம்பளைங்க அவர மறந்துடறாங்க. நாலு நற்செய்தியிலயும் அவர் பேசின ஒரு வார்த்தை கூட எழுதப்படல. தூங்கறாரு, கனவு வருது, எழுந்து சொன்னத செய்யறாரு, அதான் அவரோட ஜெபம். மத்தேயு வம்சவரலாறு ஆபிரகாம்ல ஆரம்பிச்சு தாவீது வழியா யோசேப்பு வரைக்கும் வந்து நிக்குது, ஆனா பிள்ளை அவர் ரத்தம் இல்ல. அப்புறம் எப்படி இயேசு தாவீதின் மகன்? யோசேப்பு பேரு வெச்சாரு, "இயேசு"ன்னு. பேரு வெச்சா என் பிள்ளைன்னு ஊரறிய ஏத்துக்கிட்ட மாதிரி. நம்ம ஜில்லாவுல இது சாதாரண விஷயம் இல்ல. பொட்டப்புள்ளைய பெத்த கையோட என்ன பண்ணாங்கன்னு இங்க எல்லா கிராமத்துக்கும் தெரியும், வேணாங்கற குழந்தைய கொல்லாம அரசாங்கத் தொட்டில்ல விட்டுடச் சொல்லி 1992ல சேலத்துல ஆரம்பிச்ச தொட்டில் குழந்தை திட்டத்த 2001ல தர்மபுரிக்கும் கொண்டாந்தாங்க, அப்ப கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆகல, 2004ல தான் பிரிஞ்சுது. யாரும் வேணாம்னு வெச்ச குழந்தைங்க, அதே ஜில்லாவுல குழந்தைக்கு ஏங்கற வீடுங்க. கிறிஸ்மஸ் கதையில ஏரோது கொன்ன பிள்ளைங்களும் வர்றாங்க, அந்தப் பக்கத்த நாம கேரல்ஸ்ல பாடறதில்ல. இத நான் தத்து எடுன்னு சொல்ல எழுதல, அது நீங்க ரெண்டு பேரும் உங்க நேரத்துல பேசிக்க வேண்டியது, அட்வைஸ் பண்ண ஆயிரம் பேரு இருப்பாங்க.

டாக்டர்கிட்ட போனா விசுவாசக்குறைவான்னு கடைசியா கேட்டிருந்த. இல்லவே இல்ல, ரெண்டு பேரும் டெஸ்ட் எடுங்க, ரெண்டு பேரும்னு அழுத்தி சொல்றேன், நம்மூர்ல பொண்ண மட்டும் பத்து வருஷம் ஆஸ்பத்திரிக்கு அலைய விட்டுட்டு பையன் ஒரு தடவ கூட போகாத கதை எனக்கு நிறைய தெரியும். டெஸ்ட் டியூப் முறைக்கு கத்தோலிக்கத் திருச்சபை ஒத்துக்கறதில்ல, 1987ல ரோமாபுரியிலேர்ந்து அதுக்குன்னே ஒரு அறிவுரை வந்திருக்குது, அந்தக் கட்டம் வந்தா உங்க பங்கு சாமியார்கிட்ட தனியா உக்காந்து பேசுங்க. அதுக்கு முன்னாடி செய்யக்கூடிய சிகிச்சை எவ்வளவோ இருக்குது, அதுக்கெல்லாம் எந்தத் தடையும் இல்ல.

ராத்திரி பூசைக்கு வரலன்னா விட்டுடு. கட்டாயப்படுத்தாத, உங்கம்மாவையும் படுத்த விடாத. நீ போயிட்டு வா, இல்ல நீயும் வீட்ல இரு, ஷிஃப்ட் இல்லன்னா ரெண்டு பேரும் காலைல பூசைக்கு போங்க, கூட்டம் கம்மி, யாரும் வயித்த பாக்க மாட்டாங்க. ஜெபம் சொல்ல வாய் வரலன்னா அந்தப் பொண்ணு சொல்ல வேணாம், வீட்ல நீ சொல்லு, அது கேட்டுக்கிட்டு சும்மா இருக்கட்டும். என்னிக்காவது பைபிள எடுக்கணும்னு தோணுச்சுன்னா மரியாவோட பாட்டு லூக்கா 1:46ல இருக்குது, அது அன்னாளோட பாட்டு சாயல்ல வந்தது, அது ஒண்ணு சாமுவேல் ரெண்டாம் அதிகாரம். பக்கத்துல பக்கத்துல வெச்சு படிக்கச் சொல்லு. ஆனா அன்னாளோடத பாட்டுலேர்ந்து ஆரம்பிக்க வேணாம், முதல் அதிகாரத்துலேர்ந்து படிக்கணும், அவங்க சாப்பிடாம அழுத இடத்துலேர்ந்து. பதினெட்டாம் வசனத்துல அவங்க எழுந்து போயி சாப்பிடறாங்க, அப்புறம் துக்கமுகமா இல்லன்னு எழுதியிருக்குது. அப்ப இன்னும் கர்ப்பம் ஆகல.